கௌசியா பார்த்த வெடிப்பு

செவ்வாய்ப்பேட்டை மிளகாய் மண்டி நசுருல்லாவின் மகள் கௌசியா, வெடித்துச் செத்த ஒரு விண்மீனின் மிச்சத்தை உலகத்துக்கெல்லாம் முந்திப் பார்த்தவள். எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் வராது. சொல்ல வந்தது அந்த வயிற்றெரிச்சலைத்தான்.

நாமக்கல் சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவது அவள் பிழைப்பு. முனைவர் பட்டம் வாங்கியதோ விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர்களில். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி வேலை காலியாக இருந்தது. அதற்குச் சொந்தப் பெயரில் உருப்படியாக ஒரு கண்டுபிடிப்பு வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு முப்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் ஒன்றின் கருவி பதிவுசெய்து, பொதுவில் விட்டிருந்த பழைய தரவுகளைக் கல்லூரி விட்டு வந்து தினமும் சலித்துக்கொண்டிருந்தாள்.

நம் பால்வீதியில் விண்மீன் வெடித்தாலும், நடுவில் அடைந்து கிடக்கும் தூசி அதன் வெளிச்சத்தை மறைத்துவிடும். காமா கதிருக்கு அந்தத் தூசி ஒரு பொருட்டே இல்லை. வெடிப்பில் உண்டாகும் ஒருவகை டைட்டானியம் வெகுகாலத்துக்குத் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆற்றலில்தான் ஒருநாள் கௌசியாவின் வரைபடத்தில் சின்னதாய் ஒரு மேடு எழுந்தது. எந்தத் தொலைநோக்கியும் எதையும் காணாத திசை. கருவியின் உலோகமே கிளப்பிவிடும் கதிர்களையெல்லாம் கழித்துப் பார்த்தாள். மேடு அப்படியே நின்றது.

மண்டிக்குப் போய் அப்பாவிடம்தான் முதலில் சொன்னாள். நசுருல்லா முழுவதையும் கேட்டுவிட்டு, "கூட யாரும்மா பார்த்தாங்க?" என்றார்.

அது அவர் கேட்டுப் பழகிய கேள்வி. ஜமாஅத்தில் பிறை பார்க்கும் கமிட்டியில் இருப்பவர். பெருநாள் பிறைக்கு ஒருவர் கண் போதாது என்பதில் கறாரானவர். சொந்தத் தம்பி சமியுல்லா மொட்டை மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து பிறையைக் கண்டதாகச் சத்தியம் செய்தபோதுகூட, தனி ஆள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை எட்டு வயதில் பார்த்தவள் கௌசியா.

"இன்னொரு செயற்கைக்கோள் இருக்கு அத்தா. அது பார்த்தது அடுத்த வருசம்தான் வெளிய வரும்."

"அப்போ பொறும்மா. அவசரத்துல சொல்லி அசிங்கப்படக் கூடாது."

பொறுத்தாள். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம்கூட மூச்சு விடவில்லை. விஞ்ஞானத்தில், 'இருக்கலாம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி இடம் பிடித்துவிடலாம். எல்லோரும் செய்வதுதான். சாட்சியில்லாத பேச்சை வெளியே விட அவளுக்குத்தான் மனம் வரவில்லை. நேர்மை என்று நினைத்தாள்.

துண்டை வேறு யாரோ போட்டார்கள். வெளிநாட்டுக் குழு ஒன்று, அவள் சலித்த அதே தரவில் அதே மேட்டைக் கண்டு, 'இருக்கலாம்' என்று தலைப்பிலேயே போட்டு வெளியிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது செயற்கைக்கோளின் தரவு வந்தது. அதிலும் மேடு அச்சு அசலாக இருந்தது. கௌசியா அதை ஒழுங்காக எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்டாள். அந்தக் குழு நன்றி சொல்லிக் கடிதம் போட்டது. பெங்களூர்க்காரர்கள், இது உறுதிப்படுத்தல்தானே, கண்டுபிடிப்பு இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு முப்பத்தைந்து முடிந்தது.

நசுருல்லாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "ரெண்டாவது சாட்சி வந்தாத்தானே மொத ஆளு சொன்னதே செல்லும்? நீதாம்மா அதைச் செல்ல வச்சிருக்கே."

கௌசியாவுக்கு அவர்மேல் அதுவரை வராத வெறுப்பு வந்தது. நல்ல மனிதர் என்று தெரிந்தே வந்தது.

"மொத ஆளே நான்தான் அத்தா. ஒரு வருசம் முன்னாடியே பார்த்தேன். அதுக்கு யாரு சாட்சி?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ வந்து சொன்னியேம்மா. நான் இருக்கேன்ல."

"ஒருத்தர் போதாதே, அத்தா."