குந்தின காரும் வேன் ஸ்பிரிங்கும்

வாவிக் காற்றுக்கு ஒரு மணம் இருக்கிறது... சேறும் கண்டல் இலையும் காயவைத்த மீனும் கலந்த மணம். காலை ஏழு மணிக்குப் பாதி திறந்த கார்க் கண்ணாடியால் அது உள்ளே வரும். கூடவே பின்சில்லுப் பக்கம் ஒரு சத்தம்.

டொக்... டொக்...

குழியில் அதிர்ச்சியைத் தாங்குகிற சொக் எங்கள் காரில் செத்துப்போன சத்தம் அது.

சண்டைக்காலம். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இவரும் நானும் தினமும் போய்வருவோம். இவர் கணக்கு, நான் தமிழ். பின்சீட்டில் இன்னும் மூன்று ரீச்சர்மார். பால்தேத்தண்ணி நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் கார்.

சொக் நாலும் எண்ணெய் கக்கியிருந்தன. ஸ்பிரிங் களைத்துப்போய், கார் எப்போதும் பின்பக்கம் குந்திக்கொண்டுதான் நிற்கும். தவமணி ரீச்சர் ஏறினால் டயர் மட்காட்டில் உரசும். அதை யாரும் அவருக்குச் சொல்லத் துணிந்ததில்லை.

ஆனால் அந்த ஆட்டம் இருக்கிறதே... குழியில் இறங்கினால் மெதுவாகத் தாழும், மெதுவாக எழும்பும், பிறகு இன்னொருதரம் தாழும். ஏணையில் கிடப்பதுபோல இருக்கும். வலப்பக்கம் வாவி மினுங்கும். அங்கால் படுவான்கரை பனிக்குள் ஒரு கோடாய்த் தெரியும். நாடு எரிந்துகொண்டிருந்தது, நான் முன்சீட்டில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்வேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

காத்தான்குடியில் ஹனீபா நானாவின் கராஜுக்குப் போனோம்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பிலிருந்து இதே மொடல் சாமான் வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் அவர் கையில் இருந்ததைப் பூட்டலாம்.

"சேர், இது வேன்ட ஸ்பிரிங். சொக்கும் இதுக்குச் சோடி. ஆறு பேர் ஏறினாலும் குந்தாது."

"ஆட்டம் இரிக்குமா நானா?" என்று கேட்டேன்.

"ஆட்டமா? கல்லுமாதிரி நிக்கும்."

"அப்ப எனக்கு வேணா. கொழும்புச் சாமான் வரட்டும்."

இவர் சிரித்தார். "நீ நித்திர கொள்ளவா நான் கார் வச்சிரிக்கன்?"

வேன் ஸ்பிரிங்கே பூட்டியாயிற்று.

அடுத்தநாள் காலை கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. றோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிந்தது. நான் முகத்தை 'உம்' என்று வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி இருந்தேன்.

வழியில் ஒரு சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. அங்கே நிற்கிற சோல்ஜருக்கு எங்களை நன்றாகத் தெரியும். மாதக்கணக்காக டிக்கியைத் திறக்கச் சொன்னதே இல்லை, கையைக் காட்டிப் போகவிடுவான். அன்று கை காட்டவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று குனிந்து பார்த்தான்.

"நேத்து பின்னுக்குக் கீழ. இன்டைக்கு மேல. சாமான் எங்க எறக்கினது?"

எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இவ்வளவு நாளும் ஏதோ பாரமான சாமானைத் தன் கண்ணுக்கு முன்னாலேயே கொண்டுபோயிருக்கிறோம் என்று அவன் நினைத்துவிட்டான். அவனுக்கும் பயம். ஆனால் துவக்கு அவன் கையில் இருந்தது. இவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில் அப்படி உள்ளே போன எல்லாரும் வெளியே வந்ததில்லை. 

"பழைய ஸ்பிரிங் கராஜிலதானே கிடக்கும்? ஓடிப்போய் எடுத்துத்து வா புள்ள," என்றார் தவமணி ரீச்சர். "நாங்க மூணு பேரும் இவடத்த விட்டு அசைய மாட்டம்."

பஸ் ஏறித் திரும்பிப் போனேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே ஹனீபா நானா பழைய இரும்புக் குவியலுக்குள் கையை விட்டு இரண்டையும் இழுத்தெடுத்தார்.

"வாங்க தங்கச்சி, நானும் வாறன்."

வரவேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. கராஜைப் பூட்டக்கூட நிற்கவில்லை. பஸ்ஸில் ஸ்பிரிங் இரண்டும் என் மடியில், சாறி முழுக்கக் கிரீஸ்.

திரும்பிப் போனபோது மூன்று ரீச்சர்மாரும் ஒரே குடைக்குள் அதே இடத்தில் நின்றார்கள்.

நானா சோல்ஜர்மாரோடு சிங்களத்தில் பேசினார். நிலத்தில் பழையதை வைத்து, காரின் கீழே புதியதைக் காட்டினார். பிறகு ரீச்சர்மாரைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். கார் இறங்கவில்லை. தானும் ஏறினார். அப்போதும் இறங்கவில்லை. அவர்களின் அதிகாரி ஒருவன் வெளியே வந்து பார்த்துச் சிரித்தான்... அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

இவர் வெளியே வந்தார். நேரே நானாவிடம் போனார்.

"பின்னேரம் வாறன் நானா. பழசையே பூட்டித் தாங்க."

"அது செத்த சாமான் சேர்."

"செத்தாலும் பரவால்ல. அவனுக்குத் தெரிஞ்ச உயரம் அதுதானே."

சண்டை முடிந்து அந்தக் காரை விற்கும்வரை குந்தின காரில்தான் போனோம். ஆட்டம் திரும்பி வந்தது, நித்திரை வரவில்லை. காலையில் வெளிக்கிடுமுன், உயரம் மாறவில்லையே என்று இவர் மட்காட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் சாண் போட்டுப் பார்ப்பார். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு கோபமும் அவ்வளவு பாவமும் வரும்.

இப்போது எங்களிடம் வேறொரு கார். அதற்கும் வயதாகிவிட்டது. போன மாதம் சொக்கும் ஸ்பிரிங்கும் மாற்றப் போனோம். கராஜ் தம்பி போனில் நாலைந்து வகை காட்டினார். சொகுசானது, இறுக்கமானது, விலை, உத்தரவாதம்... இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"தம்பி, காரிட உயரம் மாறுமா?"

"கொஞ்சம் உயரும் அங்கிள். அது பிரச்சினையா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"உயரட்டும் தம்பி," என்றேன்.

புதியதைப் பூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, அந்தச் சென்றி இருந்த இடத்தில் இவர் காரை நிறுத்தினார். இப்போது அங்கே தென்னம்பிள்ளைகள். இறங்கிப் போய்க் காருக்குப் பின்னால், அன்று அந்தச் சோல்ஜர் நின்ற இடத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வடிவா நிக்குது என்ன?" என்றார்.

"ஓம்," என்றேன். அழுகை வந்துவிட்டது.