அண்ணன் பிரித்துப் பார்த்த வண்டி

அண்ணன் எங்களை விட்டுப் போய் வருடம் ஒன்றாகிவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று உறவுப் பிள்ளைகள் கேட்டார்கள். நல்லது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பழைய பிக்கப் வண்டியை விட்டுவிட்டு என்னால் அண்ணனை எழுத முடியாது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீட்டில். அப்பா தேயிலை காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பு எரித்தார். அம்மா கொழுந்து எடுத்தார். எனக்கு ஆறு வயதில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அதோடு அண்ணன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டார். எனக்குத் தலை பின்னி விட்டது அவர்தான். கோணலாகத்தான் பின்னுவார். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் அவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பிறகு தோட்டத்து லொறியில் கிளீனர், அதன் பிறகு டிரைவர். கண்டிச் சீமையில் அவர் கை படாத வளைவு இல்லை என்று சொல்லலாம்.

கலியாணம் முடித்து கம்பளையில் வீடு எடுத்தார். அண்ணி ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தார். பிள்ளைக்கு இரண்டு வயதிருக்கும்போது அவரும் கண்ணை மூடினார். என் வீட்டுக்காரர் அதற்கு முந்திய வருடம்தான் தவறியிருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் வந்து, "வா தங்கச்சி, ஒரு வீட்டுல இருப்போம்" என்று கூப்பிட்டார். அன்றைக்குக் கம்பளை வீட்டு அடுப்படிக்குள் போனவள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அண்ணன் மகன் செல்வத்தை வளர்த்தது நான். அவன் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டான். ஆனால் காய்ச்சல் வந்தால் மட்டும் அம்மா என்பான்.

அண்ணனுக்கு அந்த பிக்கப் வந்தது, தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப் போன வண்டியாக. மேல்தோட்டங்களில் மரக்கறி ஏற்றிக் கம்பளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். செல்வமும் அதில்தான் ஓட்டப் பழகினான். பழகிய பிறகு தகப்பனை விடக் கவனமாக ஓட்டினான். இதை அண்ணனே சொல்லியிருக்கிறார்.

கடையில் ஒரு சாமானும் கிடைக்காமல், பாண் ரொட்டிக்குக்கூட வரிசையில் நின்ற காலம் அது. அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்ததால், புசல்லாவைக்கு மேலே மரக்கறி ஏற்றச் செல்வம் தனியாகப் போனான். வயது இருபத்து மூன்று. அங்கேயே தங்கி, மார்கழி விடிகாலையில் சுமையோடு இறங்கியபோது ஒரு வளைவில் வண்டி தேயிலைச் சரிவுக்குள் உருண்டுவிட்டது. பிள்ளை போய்விட்டான். வண்டிக்குள் உடைந்த சாராயப் போத்தல் கிடந்தது. பொலிஸ்காரர் அதை எழுதிக்கொண்டார். கருமாதி முடிவதற்குள் ஊரெல்லாம் ஒரே பேச்சாகிவிட்டது, செல்வம் குடித்துவிட்டு ஓட்டினான் என்று. கொள்ளி வைத்த தகப்பனிடமே ஆறுதல் மாதிரி, "இந்தக் காலத்துப் பயலுக அப்படித்தான்" என்றார்கள்.

அண்ணன் அந்த வண்டியை ஒரு லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உயிர் எடுத்த வண்டியை யாராவது வாசலுக்குள் எடுப்பார்களா? சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். இரும்புக்குக் கொடுத்துத் தொலைக்கச் சொன்னார்கள். கோயில் ஐயர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தினார். அண்ணன் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார். "எம்புள்ள குடிச்சானா இல்லையானு எல்லாரும் சொல்லிட்டீங்க. அவன்கூட இருந்தது இந்த வண்டி மட்டுந்தான். நான் அதுகிட்ட கேட்டுக்கிறேன்."

அடுப்படிக்குப் பின்னால் தகரம் போட்டு அதன் கீழே வண்டியை வைத்தார். இரண்டு வருடம். பகலில் கூலிக்கு மற்றவர்களுடைய லொறி ஓட்டினார், பின்னேரமும் ஞாயிறும் இதில் வேலை. பக்கத்து வீட்டில் வண்டித் தகரம் தட்டி நிமிர்த்தும் டிங்கர் பாஸ் சிங்களவர், அண்ணனுக்கு நல்ல சிநேகம். வளைந்துபோன சட்டத்தை இரண்டு பேருமாகப் பலாமரத்தில் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தினார்கள். கூரைத் தகரத்தைப் பாஸ் தட்டித் தட்டி எடுத்தார். பின்தட்டுக்குப் பலகை அறுத்தது, துரு சுரண்டியது, பெயின்ட் பூசியது எல்லாம் அண்ணன். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, துணி விரித்து வரிசையாக வைப்பார். அந்த வரிசையை யாரும் தாண்டக்கூடாது. நான் தண்ணீர் எடுக்கச் சுற்றித்தான் போவேன்.

பாஸ் ஒருநாள் வேடிக்கையாக, "ஐயா, நீங்க வண்டி செய்றதா, ஆப்பரேசன் செய்றதா?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "இது பொலிஸ் விசாரணை, பாஸ்" என்றார்.

ஸ்டியரிங்கில் குற்றம் இல்லை. சக்கரம் கழன்றிருக்கவில்லை. பிரேக் சிலிண்டரை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். ஒரு வெயில் நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எண்ணெய் இருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு என்று சொல்லி மூடிவிட்டார். பிரேக் சரியாக இருந்தால் பிறகு பிள்ளை குடித்தான் என்றுதானே ஆகும். அந்தப் பயத்தில்தான் தள்ளிப்போட்டார் என்று நான் நினைக்கிறேன்.

செல்வம் போய் இரண்டாவது மார்கழியும் வந்தது. ஒரு விடிகாலை, நான் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன், அண்ணன் தகரத்துக்குக் கீழே சிலிண்டரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இங்க வா" என்றார். உள்ளே வெள்ளையாக உறைந்து நின்றது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்த எந்தப் பெண்பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும். அண்ணன் விரலால் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார்.

"புள்ள குடிக்கல. மிதிச்சிருக்கான். உள்ளுக்குக் கட்டியாகி நின்னுருக்கு, எப்படிப் புடிக்கும்?"

அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.  பிறகு மெதுவாக, "அடுப்புல சோறு கொதிக்குது, போய்ப் பாரு" என்றார். அன்றைக்கு நான் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

அண்ணன் வண்டியைப் பிரித்தது வரை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். சிலிண்டருக்குள் இருந்ததும், இனி எழுதுவதும் என்னையும் அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று செல்வம் புறப்படுமுன் அடுப்படிக்கு வந்தான். பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது, கம்பளையிலும் கண்டியிலும் ஒரு கடையிலும் இல்லை, அப்பாவிடம் சொன்னால் போக விடமாட்டார் என்றான். நான்தான் சொன்னேன், "தேங்கா எண்ணெய ஊத்திப் பாரேன், எல்லாம் எண்ணெதானே" என்று. அவன் சிரித்தான். "அத்தைக்கு ஒரு கராஜ் போட்டுக் குடுக்கணும்" என்றான். ஊற்றி மிதித்துப் பார்த்தான், பிடித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. வழியில் குறைந்தால் ஊற்றிக்கொள் என்று மிச்சத்தையும் போத்தலோடு கொடுத்துவிட்டேன். எங்கள் வீடுகளில் எண்ணெய் எதில் இருக்கும்? கழுவிய சாராயப் போத்தலில்தான். கம்பளையின் சூட்டில் உருகி நின்ற எண்ணெய், மேலே குளிரில் ஓர் இரவு நின்றால் என்ன ஆகும்? காலையில் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்குகிற கை என்னுடையது. எனக்கு அது தோன்றவில்லை.

வண்டிக்குள் போத்தல் கிடந்தது என்று கேட்டபோது உனக்கு நினைவு வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. ஊரில் ஆயிரம் போத்தல் இருக்கிறது என்று தள்ளிவிட்டேன்.

அண்ணன் அதன் பிறகு அந்த எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிள்ளை குடிக்கவில்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால், எண்ணெய் எந்த அடுப்படியிலிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அடுப்படி. இரண்டு வருடம் எதற்காகப் பாடுபட்டாரோ அது கைக்குக் கிடைத்த அன்றே, எனக்காக அதை மூடி வைத்தார். சிலிண்டரைக் கழுவிப் புது ரப்பர் போட்டார். தைக்கு வண்டி ஓடியது. பாஸ்தான் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்.

கண்டியில் ஒரு கலியாணப் பந்தியில், எங்கள் மாமா முறையான ஒருவர், இன்றைக்கு அவரும் இல்லை, பத்துப் பேர் காதில் விழச் சொன்னார். "மகன் ஊத்திக்கிட்டுப் போய் விழுந்தான், அப்பன் அந்த வண்டிக்கே மினுக்கு போட்டு வச்சிருக்காரு." அண்ணன் தலை நிமிரவில்லை. பரிமாறிய பிள்ளையிடம், "கொஞ்சம் மோர் ஊத்துங்க தம்பி" என்றார். நான் எதிர் வரிசையில் இருந்தேன். எனக்கு வாய் இருந்தது. என் சமையலையும் வளர்ப்பையும் நாலு பேர் மெச்சுகிற காலம் அது. எழுந்து சொல்லவில்லை. இலையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த வண்டியை அண்ணன் மலைக்கு ஏற்றவே இல்லை. கம்பளை, பேராதனை, கண்டி, அவ்வளவுதான். பிள்ளை வலி எடுத்த எத்தனையோ பெண்களை அதில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். தமிழர் வீடுகளை எரித்த கலவர நேரத்தில் பாஸ் அதைத் தன் தோட்டத்துக்குள் தள்ளி ஓலை போட்டு மறைத்தார், எங்களைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கஞ்சி கொடுக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, அந்த எண்ணெ…" என்று தொடங்கினேன். கை காட்டி என்னை அமர்த்தினார்.

"தெரியும். அவன் போயிட்டான், நீயாச்சும் இருக்கணும்ல. யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. இன்றைக்குத் தட்டுகிறேன்.

அண்ணனைக் கடைசி வரை தூக்கிப் பிடித்த டிங்கர் பாஸின் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் துடைத்து விட்ட தாதிப் பிள்ளைகளுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், மழையென்றும் பாராமல் தெல்தோட்டையிலிருந்து வந்த உறவுகளுக்கும் நன்றி சொல்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். செல்வம் குடிக்கவில்லை. அவனைப் பற்றி வேறு மாதிரி கேட்டிருக்கிற உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்க நினைப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள். உட்காரக் கதிரை போட்டு, ஒரு தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, முன்னால் நின்று கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கை
கம்பளை