சேமக்காலையில் தங்கூசி சுற்றியவர்

தை மாதத்து விடியலில் பிலோமினா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "றீற்றா அன்ரி, அம்மா மோசம் போயிட்டா." அழுகைக்கிடையே இன்னொன்றும் சொன்னாள். "அண்ணாவின்ரை பக்கத்திலதான் தன்னை வைக்க வேணுமெண்டு சொன்னவ. நாளைக்குப் பின்னேரம் அடக்கம். இடம் உங்களுக்குத் தெரியும்தானே?"

அந்த அண்ணா, பிறந்து நாற்பதாம் நாள் கண்மூடிய மூத்த பிள்ளை. ஊர்காவற்றுறைச் சேமக்காலையில் குழந்தைகளைப் புதைக்கும் பக்கத்தில் அவனுக்கிருந்த அடையாளம் ஒரு பனஞ்சிலுவை மட்டும்தான். "ஓம்" என்றேன். அது பொய் என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சேமக்காலையின் புல்லை ஆறு வருடம் அக்காவும் நானும்தான் வெட்டினோம். பங்குத்தந்தை புல் வெட்டும் மெசினைக் கொண்டுவந்து இறக்கிய நாளில் ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போய் வந்த களைப்பில் நித்திரை. பள்ளிக்கூடத்துக் குசினியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காதான், "நான் வெட்டுறன், பாதர்" என்று முன்வந்தார். துணைக்கு என்னைக் கேட்டார். நானும் சும்மா இருந்தவள்தானே, போனேன்.

மெசினின் நுனியில் கவிழ்த்த சிரட்டை போலொரு தலை. உள்ளே ஓர் உருளை. அதில் தங்கூசி, தூண்டிலுக்குக் கட்டுகிற மாதிரித் தடித்த நைலோன் நூல், சுற்றியிருக்கும். வெளியே நீட்டும் இரண்டு நுனிகளும் சுழன்று புல்லை அறுக்கும். தேய்ந்தால் தலையை நிலத்தில் ஒரு தட்டு. உள்ளிருந்து நூல் நீளும்.

நான் சுற்றிய முதல் தங்கூசி நீளவேயில்லை. என் தகப்பனார் தூண்டில்காரர். தூண்டில் நூலைச் சிக்காமல் மாறி மாறிக் குறுக்காகச் சுற்றுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அதே கைப்பழக்கத்தில் இதையும் சுற்றிவிட்டேன். மேல்சுற்று கீழ்ச்சுற்றைக் கவ்விக்கொண்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

அக்கா சிரித்தார். "கோபத்தில தட்டினால் இன்னும் இறுகும். இது கடலுக்கு எறியிற தங்கூசியில்லை, றீற்றா. அம்புக்குறி காட்டுற பக்கமா, கிட்டக் கிட்ட வரிசையாச் சுத்தும்."

மழைக்குப் பிறகு அங்கே புல் இடுப்பளவு நிற்கும். காற்று வீசினால் முழுச் சேமக்காலையும் கடற்பக்கம் மெல்ல நகர்வது போலிருக்கும். அக்கா அதற்குள் கனவில் நடப்பவர் போல நடப்பார். அவர் போன வழியில் கற்களும் பெயர்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும். "எட்வேட் அண்ணை, காலை மடக்குங்கோ, வெட்டப்போறன்" என்று கல்லறையோடு பேசுவார். மெசினை நிறுத்தியதும் தும்பிகளின் சத்தம்கூடக் கேட்கும். பதில் வருமென்று நானும் சில நாள் காத்து நின்றிருக்கிறேன்.

மெசினோடு, தங்கூசிக்குப் பதிலாகப் பூட்ட ஓர் இரும்புத் தகடும் வந்தது. அதை அவர் பூட்டியதே இல்லை. "தகடு ஒண்டையும் பாராது. தங்கூசி கல்லில பட்டால் தான்தான் தேயும். கல்லுக்கு ஒண்டும் வராது" என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன், மரித்தோர் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் அக்காவுக்குக் காய்ச்சல். நான் தனியே போனேன். தகரக் கொட்டிலின் வெக்கையில் தங்கூசி காய்ந்து கிடந்தது. அதை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட அக்கா சொல்லியிருந்தார், நான் மறந்துபோனேன். துளை வாசலிலேயே முறிந்து முறிந்து உள்ளே போயிற்று. மூன்று முறை தலையைக் கழற்றிப் பூட்டினேன். நான்காம் முறை தகட்டைப் பூட்டினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன்.

குழந்தைகளைப் புதைத்த பக்கத்தில் எதுவோ தெறித்தது. அக்காவின் பிள்ளைக்கு நட்ட பனஞ்சிலுவையின் ஒரு கை. மற்றப் பாதி புல்லோடு இழுபட்டு வந்திருந்தது. அது நின்ற இடம் தெரியவில்லை, எங்கு பார்த்தாலும் ஒரே மணல். சிலுவையை ஆணி அடித்துச் சேர்த்து, ஒரு குத்துமதிப்பில் நட்டுவிட்டு வந்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

திருநாளன்று அக்கா அந்தச் சிலுவைக்கு முன் சற்று நேரம் நின்றார். பிறகு முழங்காலில் இருந்து மெழுகுதிரி கொளுத்தினார். எழும்பி என் கையைப் பிடித்து, "சிலுவை நல்லா நிக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதன் பின் வேலை முடியும் நாளெல்லாம், "நீர் போம், நான் வாளியை எடுத்துக்கொண்டு வாறன்" என்று பின்தங்குவார். வயது போகிறது, நடை குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கத்தன்று காலை, முதல் நாளே ஊறவைத்த தங்கூசியை வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனேன். சிலுவையைச் சுற்றி வெட்டினேன். மணல்தான். இன்னும் அகலமாக வெட்டினேன். இடம் தவறினால் அக்கா வேறு யாருடைய பிள்ளைக்கோ பக்கத்தில் கிடப்பார். நூல் குட்டையாகி நின்றது. தட்டினேன், வரவில்லை. மெசினை நிறுத்தித் தலையைக் கழற்ற முழங்காலில் இருந்தேன். முழங்காலுக்குக் கீழே ஏதோ இடறியது.

உள்ளங்கை அகல முருகைக்கல் ஒன்று, மணலோடு மட்டமாகப் பதித்திருந்தது. அதன்மேல் மெழுகு. ஒருமுறை உருகியதல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக, தடித்த மெழுகு. அக்கா வாளிக்கென்று பின்தங்கிய நாள்களின் மெழுகு. நான் நட்ட சிலுவை அங்கிருந்து நாலு எட்டுத் தள்ளி நின்றது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா உங்களிட்டை ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டா, அன்ரி" என்றாள். கல்லுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள்.

எல்லாரும் போன பின்னர் நான் மட்டும் நின்றேன். சிலுவையைப் பிடுங்கிவந்து கல்லின் தலைமாட்டில் நட்டேன்.

அக்கா, வெறும் மணலுக்கு முன்னால் நீங்கள் முழங்காலில் இருந்தது என் முகம் வாடக்கூடாது என்பதற்காக. இனி அந்த நாலு எட்டை நீங்கள் ஒளித்து நடக்க வேண்டியதில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு படுங்கள்.