டுவெய்ன் காதுக்கு எட்டிய கமாரோ

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு டுவெய்ன் டெஸ்மர் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார். கதவைத் திறந்தபடியே விட்டு இறங்குவார். பின்பக்கம் போய், ஆபரேஷன் செய்த வலது முழங்காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு மெல்லக் குந்துவார். சைலென்சர் குழாயின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை விரித்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். சூடான காற்று கையில் வந்து முட்டும். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். அப்போதும் சந்தேகம் தீராது. சமையலறை ஜன்னலில் தெரியும் மனைவியைப் பார்த்துக் கத்துவார்.

"லோர்னா! ஓடுதா?"

"ஓடுது, ஓடுது. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். சாகினா நகருக்கு வெளியே ஒரு பிரஸ் ஷாப்பில் அவருடைய பாதி ஆயுள் போனது. கார் கதவுகளைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கிற ராட்சத அச்சுகள் அவர் காதிலிருந்து சத்தங்களை உச்ச சுருதியிலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. முதலில் பறவைகள் போயின. பிறகு டெலிபோன் மணி. பிறகு லோர்னா பேச்சில் பாதி. அடிச்சுருதிச் சத்தங்கள் மட்டும் மிஞ்சின: இடி, சரக்கு ரயில், சர்ச்சில் ஆர்கனின் கனமான கட்டைகள். காதுக்கருவி மேஜை இழுப்பறையில் கிடந்தது. "அதை மாட்டினா தட்டு கழுவுற சத்தம்தான் பெரிசாக் கேக்குது" என்பார்.

ஓய்வு பெற்றபோது ஆசையாக வாங்கியது அந்தக் கமாரோ கார். பழசுதான், ஆனாலும் எட்டு சிலிண்டர், சிவப்பு. இஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வழுவழுப்பு அவர் காதில் விழவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் சாவியை அதிலேயே விட்டுவிட்டுப் போய் ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தார். பாதிரியாரே வாசலில் வைத்துச் சொன்னார், வெளியே ஒருவர் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார் என்று.

அன்றைக்கே மைத்துனன் விக்கின் பட்டறைக்குப் போனார்.

"எனக்கு அந்தக் காலத்து வண்டிச் சத்தம் வேணும் விக். நின்னுடுமோ நின்னுடுமோன்னு தடுமாறுமே, அது."

"சைலென்சரை மட்டும் மாத்தினா அது வராது மச்சான். வால்வுகளைத் தூக்கி விடுற கேம் ஷாஃப்டையே மாத்தணும். வால்வெல்லாம் சீக்கிரம் தொறந்து லேட்டா மூடினாத்தான் இஞ்சின் தள்ளாடும். நடுத்தரமா ஒண்ணு போட்டுக்கோ. அதுக்கு மேல போனா வேற தொந்தரவு வரும்."

"எனக்கு நடுத்தரம் கேக்காது. இருக்கிறதுலயே பெரிசைப் போடு."

வேறு தொந்தரவு என்ன என்று அவரும் கேட்கவில்லை, விக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆசைப்பட்டுவிட்டார்கள்.

மார்ச் மாதம், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற ஒரு மத்தியானம் வேலை முடிந்தது. விக் சாவியைத் திருப்பினான். குடிகாரன் ஒருவன் மாடிப்படியில் பீப்பாயை உருட்டிக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். நின்றுவிடும் போலிருந்தது, நிற்கவில்லை. மேஜைமேல் இருந்த காப்பிக் கோப்பை தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. பின்பக்கம் போகக் கிளம்பிய டுவெய்ன் வண்டியின் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டார். கையை நீட்டத் தேவையே இருக்கவில்லை.

"கேக்குதா?" என்றாள் கூட வந்திருந்த லோர்னா.

"என்னத்துக்கு இப்படிக் கத்துற? கேக்குது."

அவள் கத்தவில்லை. உதட்டைத்தான் அசைத்தாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற கூட்டு விருந்து. லோர்னா உருளைக்கிழங்குச் சீஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் அங்கேதான். ஆம்புலன்ஸ் வந்தாலும் ரயில் கூவினாலும் அவள்தான் அவர் தொடையில் தட்டுவாள். அவள் இல்லாமல் அவர் வண்டியை எடுப்பதில்லை.

பாலத்துச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை ஒரு தரம் லேசாக மிதித்தார், பிடித்தது. நாற்சந்திக்கு முன்னால் மறுபடி மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது. முழு எடையையும் போட்டு அழுத்தினார். வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி நடுச்சந்திவரை போய்த்தான் நின்றது. பால் டேங்கர் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தபடி மூக்குக்கு முன்னால் போனது. அந்த ஹாரன்கூட அவருக்குப் பாதிதான் கேட்டது.

லோர்னா தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. உனக்குத்தான் துணைக்குச் சத்தம் வந்துடுச்சே, அதோடயே போ."

சீஸ் தட்டோடு பாலத்தின்மேல் நடந்து போகிறவளை, வண்டியைத் திருப்பி ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டறையில் இதைக் கேட்டு விக் தலையைச் சொறிந்தான். "பிரேக்குக்குத் துணை பண்றது இஞ்சின் உறிஞ்சுற காத்துதான் மச்சான். கேம் பெரிசாச்சுன்னா உறிஞ்சல் குறைஞ்சுபோகும். ஒரு தரம் மிதிச்சா தீர்ந்துடும். பழைய கேமையே திருப்பிப் போட்டுடவா?"

டுவெய்ன் பட்டறை வாசலில் போய் நின்று, தெருவில் வாயை மட்டும் அசைக்கிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போகிற வண்டிகளைப் பார்த்தார். "அவ வண்டியில ஏற மாட்டேன்னு சொன்னா பழசையே போட்டுடு" என்றார்.

"இன்னொரு வழி இருக்கு. உறிஞ்சலுக்குத் தனியா ஒரு கரண்ட் பம்ப். பிரேக் பிடிக்கிறப்பெல்லாம் ஓடி ரொப்பிட்டு நின்னுடும். ஆனா கீச்சுனு கத்தும்."

"எனக்குக் கேக்கவா போகுது?"

பம்ப் பொருத்தியாயிற்று. காலி மைதானத்தில் விக் பத்துத் தரம் அடுத்தடுத்து மிதித்துக் காட்டினான். லோர்னா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள், பிறகு ஏறி உட்கார்ந்தாள். வியாழக்கிழமைச் சாயங்காலங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுகிற, ரூட் பீர் என்கிற குளிர்பானம் விற்கும் கடைக்கு இரண்டு பேரும் போனார்கள். தள்ளாடிக்கொண்டு வந்த அந்தச் சத்தத்துக்கு மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். டுவெய்ன் பிரேக்கைப் பிடித்தார். பம்ப் கீச்சிட்டது.

பழசை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்கிற கட்சிக்காரன் கோர்டி. அவன் கையிலிருந்த கோனி டாக் சாஸேஜ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்: "டேய் டுவெய்ன், பானெட்டுக்குள்ள யாருக்குடா பல்லு புடுங்குறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்றான்?" என்று டுவெய்ன் லோர்னாவைக் கேட்டார்.

"சத்தம் நல்லா இருக்காம்."

"பின்ன?" என்றார் டுவெய்ன். அங்கே அவ்வளவு சந்தோஷமாக வேறு யாரும் வண்டியை நிறுத்தவில்லை.

அந்தக் கீச்சுச் சத்தம் பற்றி விக் ரொம்ப நாள் கழித்துத்தான் மற்றவர்களிடம் சொன்னான். டுவெய்னிடம் பேசிய பிறகு தேடியதில் அவனுக்கு இரண்டு பம்புகள் கிடைத்தன. ஒன்று பூனை நடப்பதுபோல் ஓடும், விலையும் ஒன்றுதான். அதைத்தான் எடுத்து வைத்திருந்தான். டுவெய்ன் இல்லாத நேரமாகப் பார்த்து லோர்னா பட்டறைக்கு வந்து, இரண்டையும் மேஜைமேல் ஓட்டிக் காட்டச் சொன்னாளாம்.

"கத்துறதையே போடு விக். அது கத்தி நின்னாத்தான் அடுத்த பிரேக் இருக்குன்னு பக்கத்துல இருக்கிற எனக்குத் தெரியும்."

பூனைப் பம்பை விக் வேறு யாருக்கோ விற்றுவிட்டான்.