கோமளாவின் இடது கால்

பெருமாநல்லூர்ப் பனியன் கம்பெனியில் கோமளா ஓவர்லாக் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. உட்கார்ந்து என்றால் உட்கார்ந்தேதான். தொண்ணூற்றாறு கிலோ உடம்பு. எழ வேண்டுமானால் ஒரு கையால் டேபிளையும் மறு கையால் பக்கத்து மிஷின்காரியின் தோளையும் பிடித்து, "முருகா!" என்று ஒரு குரல் கொடுத்தாக வேண்டும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கை வேகத்தில் அந்த லைனில் அவளுக்கு ஈடு கிடையாது.

ஐப்பசியில் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மொதலாளி உத்தரவுங்க, தை பொறந்தா நம்ம லைன்ல ஸ்டூல் கெடையாது. எல்லாரும் நின்னுதான் தைக்கோணும். உங்களுக்கு ஆகலீன்னா பிசிறு வெட்டற பக்கம் போயிருங்க."

பிசிறு வெட்டுவதா! தைத்து முடித்த பனியனில் நூல் நறுக்கிக்கொண்டு மூலையில் கிடப்பதா? கோமளாவுக்குக் கண் கலங்கியது. அதைவிட ஆத்திரம் பொங்கியது.

"நின்னே தைப்பனுங்க" என்றாள்.

வாய் சொல்லிவிட்டது, கால் கேட்க வேண்டுமே? பத்து நிமிஷம் நின்றால் முட்டி நடுங்கியது. மறுநாளே அவிநாசிக்குப் போய் பிசியோதெரபி பார்க்கும் யாழினி முன்னால் நின்றாள். அங்கே எடை பார்க்கும் மிஷின் மாதிரி ஒரு தட்டு இருந்தது. ஏறி நின்று சுவிட்சைப் போட்டால் கிடுகிடுவென்று அதிரும்.

"முட்டியை லேசா மடக்கி நில்லுங்கக்கா. தட்டு அதிர அதிர, விழாம இருக்கத் தொடைத் தசை தானா இறுகும். நடக்கச் சிரமப்படற உடம்புக்கு இதுல ஆரம்பிக்கலாம். எடை பெருசாக் கொறையாதுங்க, வலு வரும்" என்றாள் யாழினி.

வாரம் மூன்று நாள் போனாள். "நாள் பூரா மிஷினோட ஆடறது பத்தாதுன்னு அங்க போயி வேற ஆடறயா?" என்று சிரித்தார் அவள் வீட்டுக்காரர் தங்கதுரை. உரலில் தலையைக் கொடுத்தபிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? அவள் விடவில்லை.

ஆறு வாரத்தில் வலது தொடை கல்லாகிவிட்டது. இடது தொடை மட்டும் அப்படியே தொளதொளவென்று கிடந்தது. யாழினிக்கே குழப்பம். ஒருநாள் தரையில் குந்தி உட்கார்ந்து அவள் பாதத்தையே பார்த்தாள்.

"அக்கா, அங்க என்னத்தை மிதிக்கறீங்க?"

கோமளா குனிந்து பார்த்தாள். அடக் கண்றாவியே! காலடியில் அதிர்வு தெரிந்ததும் வலது பாதம் பாட்டுக்கு மிஷின் பெடலை மிதிப்பதுபோல் தட்டை அழுத்திக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அத்தனை பாரமும் வலது காலில். இடது கால் ஒப்புக்கு நின்றிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நின்று தைக்கும்போது வலது கால் பெடலுக்குப் போய்விடும். உடம்பைத் தாங்கப் போவது இந்த இடது கால்தான். தைக்குள் இருந்த நாளில் பாதி வீணாய்ப் போயிருந்தது.

அன்றிலிருந்து இடது குதிகாலுக்கு அடியில் ஒரு பனியன் துணித் துண்டை வைத்துத் தட்டில் நின்றாள். யாழினி அவ்வப்போது இழுப்பாள். துணி வந்துவிட்டால் கால் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். கார்த்திகை முடியும்வரை துணி கையோடு வந்தது. மார்கழியில் வருவது குறைந்தது.

பொங்கலன்று எடை பார்த்தாள். தொண்ணூற்று நாலு.

"ரெண்டே கிலோவா?" என்றார் தங்கதுரை.

"கிலோவுங்களா தைக்கப் போகுது? காலு நின்னாப் போதுமுங்க."

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்தபோது ஸ்டூல்களை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் சின்னப் பெண்களே டேபிளில் சாய்ந்துவிட்டார்கள். கோமளாவுக்குத் தொடை எரிந்தது, முதுகில் வியர்வை ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

சாயங்காலம், ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும். மகுடேஸ்வரன் மனசு கேட்காமல் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து அவள் பின்னால் போட்டான்.

"உக்காருங்கக்கா. மேல கேட்டா நான் பாத்துக்கறனுங்க."

கோமளா மிஷினை நிறுத்தவில்லை. "கீழ என்ற எடது காலுக்கடியில ஒரு துணி இருக்குது கண்ணு. அதைக் கொஞ்சம் இழுத்துப் பாரு."

ஒன்றும் புரியாமல் அவன் குனிந்து இழுத்தான். வரவில்லை. ஒரு கையை ஊன்றிக்கொண்டு பலமாக இழுத்தான். அப்போதும் வரவில்லை.

"அந்த ஸ்டூலை எடுத்துட்டுப் போ சாமி, எடைஞ்சலா இருக்குது" என்றாள் கோமளா.