தாய்மாமன் வெட்டிய எர்த் வயர்

திருவாதவூரில் என் மகளுக்குக் காதுகுத்து. பாட்டுப் போட நானே வீட்டில் செய்த ஆம்ப்ளிபயரைக் கொண்டுபோயிருந்தேன். பெரிய கெபாசிட்டர் மாற்றியும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டும் போகவில்லை.

"எம்புட்டு இரைச்சல் மச்சான்! நான் நிப்பாட்டுறேன், நீங்க போங்க" என்றான் என் மனைவியின் தம்பி. நானும் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் இரைச்சல் சுத்தமாக இல்லை. எல்லாரும் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

சொந்தங்களைச் சாப்பிடக் கூப்பிட என் மனைவி மைக்கைப் பிடித்தாள். மறுநொடி வீறிட்டு அதை எறிந்தாள். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். இரைச்சலை நிறுத்த அதில் எர்த் வயரை வெட்டியிருந்தான். பெட்டியில் கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற வயர் அது!

"அறிவிருக்காடா? ஆளைக் கொல்லப் பாத்தியே!"

"லேசாத்தான அடிச்சுச்சு? எல்லாரும் இப்படித்தான் செய்யிறாக. இரைச்சல் போச்சா இல்லையா?" என்றவன் பிளக்கைத் திரும்பவும் சொருகப் போனான்.

என் மாமனார் என் கையைப் பிடித்தார். "விடுங்க மாப்ள. பிள்ளை அவன் மடியில உக்காரணும். இன்னைக்குத் தாய்மாமனை ஒரு சொல்லு சொல்லக்கூடாது."

சொல்லவில்லை. அவன் வைத்திருந்த கட்டரைப் பிடுங்கி, மின்வயரை ஆம்ப்ளிபயரை ஒட்டி நறுக்கென்று வெட்டினேன். பாட்டில்லாமலே காது குத்தினார்கள்.

சபையில் தாய்மாமனை அவமானப்படுத்தியவன் என்று இன்றைக்கும் என்னைத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். இரைகிற ஆம்ப்ளிபயரைக் கண்டு இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. சத்தமே இல்லாத பெட்டியின் பிளக்கைத்தான் முதலில் கழற்றிப் பார்க்கிறேன்.