தம்பி அனுப்பிய திருத்தம்

தேயிலை விலை சரிந்து, குன்னூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியை அப்படியே காடாக வளரவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். தம்பி கிளார்க்காக இருந்த ஃபேக்டரியும் ஒரு திங்கட்கிழமை பூட்டிக் கிடந்தது.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். வேலை நேரம் போக, உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளத்தில், நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பகுதிக்கு வருகிற துப்புரவுத் திருத்தங்களைப் பார்த்துச் சொல்வேன். துப்புரவு என்றால் புதிதாக எதுவும் செய்யாது. இருக்கிற நிரலைப் படிக்கும்படி ஆக்கும். யார் அனுப்பினாலும், எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும் மடற்குழுவில், எல்லோர் கண்ணெதிரேதான் பதில். கறாரானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில் நான் விட்டுவந்த பழைய கணினியில் தம்பி தானாகவே நிரலெழுதக் கற்றுக்கொண்டான். சனிக்கிழமை ஊருக்குப் போகும் பஸ் மலைப்பாதையில் பர்லியார் தாண்டும்போதே, இன்றைக்கு என்னவெல்லாம் கேட்டுக் குடையப்போகிறானோ என்றிருக்கும். நான் பார்த்துவந்த பகுதியில், நினைவகத்தின் ஒரு துண்டை யாராவது இன்னும் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் ஒரே சோதனை மூன்று இடங்களில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மூன்றையும் ஒன்றாக்கி அனுப்பினான். பெங்களூரில் ஒரு கம்பெனி, ‘இந்த இயங்குதளத்தில் உங்கள் திருத்தம் ஒன்றாவது ஏற்கப்பட்டால் வேலைக்கு வாருங்கள்’ என்று அவனிடம் சொல்லியிருந்தது.

அவன் அனுப்பியதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் இருவர் பெயருக்குப் பின்னாலும் அப்பா பெயர் ஒட்டியிருந்தது. தம்பி என்பதால் விட்டுவிட்டாள் என்று நாலு பேர் சொல்லிவிட்டால்? ‘பலனில்லாத மாற்றம், வேண்டாம்’ என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அதே வாரம் அதைவிடச் சின்னதொன்றை வேறு யாருக்கோ ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கேட்டான். “ஏனுங்க்கா, தப்பு எங்கீன்னு சொன்னீங்கன்னா திருத்திருவனுங்க.”

“தப்பெல்லாம் இல்லடா. தேவையில்ல, அவ்வளவுதான்.”

“செரீங்க்கா” என்று கணினியை அணைத்தான்.

அந்த மாதமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விட்டான். தையல் விட்ட துணியைப் பார்த்து ஒதுக்குகிற வேலை.

இரண்டு வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே மூன்று இடங்களை ஒன்றாக்கி அனுப்பினார். படித்தேன். பிடித்திருந்தது. ‘நல்ல துப்புரவு’ என்று எழுதி, சரிபார்த்தவள் என்று என் பெயரையும் சேர்த்தேன். தம்பியின் நினைவு வரவே இல்லை. நான் செய்ததில் இதைத்தான் என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்தான். பிரௌசிங் சென்டருக்குப் போய் இன்னும் மடற்குழுவைப் படித்துக்கொண்டிருந்தானாம். எனக்குத் தெரியாது.

“அந்த மூணு எடமும் ஒண்ணாயிருச்சுங்களே, பாத்தனுங்க்கா” என்றான்.

எந்த மூன்று இடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அவரு எழுதுனது என்னுதக் காட்டியும் சுத்தமா இருக்குதுங்க்கா. நீங்க அன்னிக்கு வேண்டாம்னது செரிதானுங்க.”

போனை வைத்ததும் தம்பியின் பழைய மடலைத் தேடியெடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றேதான். அந்தச் சோதனைக்கு வைத்த பெயர் மட்டும் வேறு. தம்பி வைத்த பெயர்தான் நன்றாக இருந்தது.